நானூத்தி அறுபத்துநாலும் மிதாலிதியின் நீலக்கல்லும்

கொல்கத்தாவில் நானூத்தி அறுபத்துநாலிடம் திட்டு வாங்காத ஒருவரை நீங்கள் சந்தித்தால், அவர் அன்று காலைதான் ஹவுரா ஸ்டேஷனில் வந்து இறங்கியவர் என்று அர்த்தம். சாயங்காலத்துக்குள் வாங்கிவிடுவார்.

என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. அவரோடு கொல்கத்தாவுக்குப் போன நான், நகரத்தின் தென்பகுதியில் இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் அலுவலகத்தில் சேர்ந்தேன். கடிதம் டைப் அடிப்பது, வருகிற புகார்களைக் கோப்பில் சேர்ப்பது, இரண்டும்தான் என் வேலை. சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒன்று தெரிந்துவிட்டது. நிலையத்துக்கு வருகிற புகார்களில் பாதி ஒரே ஆள் மேல். மீதிப் பாதி அந்த ஆள் எழுதியவை.

அவர் பாளையங்கோட்டைக்காரர். தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் பச்சை லேசர் கருவி ஒன்று இருந்தது. அதை இயக்குகிற டெக்னிக்கல் ஆபீசர் அவர். ஒல்லியான உடம்பு, எப்போதும் முழங்கைவரை மடித்த சட்டை, மூக்கின் நுனியில் கண்ணாடி. அந்தக் கருவி என்ன செய்கிறது என்பதை எனக்குப் புரிந்த அளவில் சொல்லிவிடுகிறேன்.

படிகத்துக்குள் அணுக்கள் குடியரசு தின அணிவகுப்பு மாதிரி வரிசையாக நிற்கின்றன. நிற்கின்றன என்றால் சும்மா நிற்பதில்லை. இருந்த இடத்திலேயே குலுங்கிக்கொண்டிருக்கின்றன. அதன்மேல் பச்சை வெளிச்சத்தை அடித்தால், திரும்பி வருகிற வெளிச்சத்தில் துளியூண்டு மட்டும் நிறம் மாறி வரும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் உள்ளே குலுங்குவது யார் என்று தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு எழும்பும். ஸ்படிகத்துக்கு 464 என்ற இடத்தில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு. நீலக்கல்லுக்கு 418-ல். கண்ணாடியில் அணுக்களுக்கு வரிசையே கிடையாது என்பதால் கோடும் கிடையாது. படுத்திருக்கிற எருமையின் முதுகு மாதிரி ஒரு மேடுதான் வரும்.

"துருவும் ஆக்ஸைடுதான், மாணிக்கமும் ஆக்ஸைடுதான்" என்பார். "வரிசையா நின்னா மரியாத. மனுசனுக்கும் அதுதான்."

புதிதாக யார் அந்த அறைக்குள் வந்தாலும், தன் சட்டைப்பையிலிருந்து ஒரு ஸ்படிகத் துண்டை எடுத்துக் கருவியில் வைத்து அந்த 464-ஐக் காட்டாமல் விடமாட்டார். அமைச்சகத்திலிருந்து வந்தவருக்கும் காட்டினார், ஏ.சி. ரிப்பேருக்கு வந்தவருக்கும் காட்டினார். நாட்டில் ஏமாற்றுக்காரனுக்கு ஃபோர் ட்வெண்டி என்று பெயர். ஏமாற்றுக்காரனைப் பிடிக்கிறவருக்கு எங்கள் நிலையம் ஃபோர் சிக்ஸ்டி ஃபோர் என்று பெயர் வைத்தது. வங்காளிகள் மரியாதைக்கு, அண்ணன் என்கிற அர்த்தத்தில், ஒரு 'தா' சேர்த்தார்கள். நாங்கள் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் நானூத்தி அறுபத்துநாலு என்றோம். நேரில் நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். எனக்கும் உயிர்மேல் ஆசை உண்டு.

அதிர்வை அளக்கிற அந்த அறையில் வேறு எந்த அதிர்வும் கூடாது என்பது அவர் சட்டம். செருப்பு வெளியே. செல்போன் வெளியே. தும்மல் வந்தால் நீங்களும் வெளியே. ஒரு பேராசிரியர் கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்திவிட்டார் என்பதற்காக அவருக்கு எழுத்தில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். அதை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேராசிரியர் படித்துவிட்டு, "நான் இவருக்கு அதிகாரி, தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியும். அண்ணாச்சிக்குத்தான் தெரியாது.

ஒரு துர்க்கா பூஜை சமயத்தில் பக்கத்துப் பந்தலில் டாக் அடிக்க ஆரம்பித்தார்கள். டாக் என்றால் தோளில் மாட்டி இரண்டு குச்சியால் அடிக்கிற பெரிய மேளம். அண்ணாச்சி அன்று துத்தநாக ஆக்ஸைடுப் படலம் ஒன்றை அளந்துகொண்டிருந்தார். நேராகப் பந்தலுக்குப் போய், மேளத்தை மாலை நாலு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள் என்று கமிட்டிச் செயலாளரிடம் சொன்னார்.

செயலாளர் பொறுமையானவர். "தாதா, பூஜை நேரம் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. நான் மாற்ற முடியாது" என்றார்.

"என் சாம்பிளும் பஞ்சாங்கம் பாத்துதான் வளந்திருக்கு" என்று அண்ணாச்சி தமிழில் கத்தினார்.

அங்கே யாருக்கும் புரியவில்லை. ஆனால் பசித்திருக்கிறார் என்று நினைத்து இலைத் தட்டில் சுடச்சுடக் கிச்சுரி, அதாவது அந்த ஊர்ப் பொங்கல், கொடுத்தார்கள். அதை ஏந்திக்கொண்டு திரும்பி வந்தவர் முழுவதையும் கோபமாகவே சாப்பிட்டு முடித்தார்.

லேக் மார்க்கெட் பக்கம் சனிக்கிழமைதோறும் எங்கள் பஜனைக் குழு கூடும். ஒருமுறை குழுவில் எல்லோருக்கும் ஸ்படிக மாலை வரவழைத்தார் பொருளாளர் மாமா. மயிலாப்பூரில் அவருக்குத் தெரிந்த கடையிலிருந்து. அண்ணாச்சி மாலையைக் கையில் வாங்கினார், குளிர்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தார், அதோடு வீட்டுக்குப் போனார். மறுவாரம், பாட்டுக்கு நடுவில், எல்லோரும் கண்ணை மூடியிருந்த நேரத்தில் எழுந்து நின்றார்.

"நூத்தியெட்டு மணிய ஒண்ணு ஒண்ணா வச்சுப் பாத்துட்டேன். நூத்தியெட்டும் கண்ணாடி."

ஹார்மோனியம் நின்றுவிட்டது. பொருளாளர் மாமா முகம் சிவந்து, "பகவானுக்குக் கண்ணாடி, ஸ்படிகம்னு பேதம் உண்டா சார்?" என்றார்.

"பகவானுக்கு இல்ல சாமி. எனக்கு இருக்கு."

பஜனைக் குழு அவரைப் பத்து மாதம் தள்ளி வைத்தது. அந்தத் தீர்மானத்தின் பிரதியும் எப்படியோ எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. அதையும் கோப்பில் சேர்த்தேன்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரிக்கிற விஷயம். இனிமேல் சொல்லப்போவதைச் சிரித்துக்கொண்டு சொல்ல என்னால் இன்றைக்கும் முடியவில்லை.

எங்கள் கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கும் ஒப்பந்தத் தொழிலாளி மிதாலி. நாங்கள் மிதாலிதி என்போம், அக்கா என்கிற அர்த்தத்தில். லேசர் அறை வாசலில் செருப்புக்காகத் திட்டு வாங்காத ஒரே ஜீவன் அவர்தான், ஏனென்றால் அவர் செருப்பே போடுவதில்லை. ஒருநாள் அவர் விரலில் பளீரென்று ஒரு நீல மோதிரம் முளைத்தது. அண்ணாச்சி மூன்று நாள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். அவர் வாழ்க்கையில் அது ஒரு சாதனை. நாலாம் நாள் பொறுக்கவில்லை.

"மிதாலி, அதக் கழட்டு."

"நீலா தாதா, நீலக்கல். கழற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்."

"யார்?"

காளிகாட்டில் ஒரு ஜோதிடர். மிதாலிதியின் கணவர் ரிக்‌ஷா வண்டி இழுக்கிறவர். ஒன்றரை மாதமாக இருமல், மாலையானால் காய்ச்சல். ஜாதகத்தைப் பார்த்த ஜோதிடர், இது சனியின் வேலை, வீட்டுக்காரி நீலக்கல் போட்டால் தொண்ணூறு நாளில் சரியாகும் என்றிருக்கிறார். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போனால் கல்லின் சக்தி கலைந்துவிடும் என்றும் சொல்லியிருக்கிறார். மனுஷர் வீட்டில் படுத்து இருமிக்கொண்டிருந்தார். மிதாலிதி நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

மோதிரத்தைக் கழற்றாமல், கையோடு லென்ஸுக்கு அடியில் வைக்கச் சொன்னார் அண்ணாச்சி. தான் போட்டிருந்த பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி மிதாலிதிக்கு மாட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கையெழுத்து வாங்கப் போயிருந்த நானும் திரையைப் பார்த்தேன். கோடு வரவில்லை. எருமை முதுகுதான் வந்தது.

"காச்" என்றார் அண்ணாச்சி. வங்க மொழியில் கண்ணாடி. எப்போதும் கத்துகிறவர் அதை மெதுவாகச் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, மிதாலிதியின் கணவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வரிசையில் நடுவில் நுழைந்த இரண்டு பேருக்கும், எச்சில் துப்பிய ஒருவருக்கும், மின்விசிறிக்கும் திட்டு விழுந்ததாகக் கேள்வி. காசநோய் என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை விடாமல் சாப்பிட்டால் குணமாகும், இன்னும் தாமதித்திருந்தால் சிக்கல் என்றார்கள்.

மறுநாள் அண்ணாச்சி என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் அச்சடித்த வரைபடம்.

"காளிகாட்டுக்குப் போவணும். நீயும் வா. தனியாப் போனா எனக்குக் கோவம் வந்துரும்."

போனேன். எனக்கும் கோபம் இருந்தது. மெட்ரோவில் நான்கு ஸ்டேஷன் தூரமும் அவர் அந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜோதிடரின் கடை குளிர்சாதனம் செய்யப்பட்டது. சுவர் முழுக்க, அவரிடம் மோதிரம் வாங்கிய பெரிய மனிதர்களின் படங்கள். மூன்றாவது வரிசையில் எங்கள் டைரக்டர், ஜோதிடரோடு கைகுலுக்கிக்கொண்டு. நான் அண்ணாச்சியின் முழங்கையைத் தொட்டுக் காட்டினேன். அவர் பார்த்தார், நேராக ஜோதிடர் முன்னால் போய் வரைபடத்தை விரித்தார்.

"இது நீர் வித்த கல்லு. நீலக்கல்லுன்னா நானூத்திப் பதினெட்டுல கோடு வரணும். இன்னும் ரெண்டு தள்ளுனா நானூத்தி இருவது. அந்த ரெண்டத்தான் நீர் தள்ளியிருக்கீரு." தமிழில் ஆரம்பித்தவர், நினைவு வந்து வங்க மொழியில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையும் சொன்னார். மும்மொழியிலும் ஒரே திட்டு.

ஜோதிடர் அசையவில்லை. புன்னகையோடு, "உங்கள் மெஷின் கல்லின் உடம்பைத்தான் பார்க்கும். நான் கிரகத்தைப் பார்க்கிறவன்" என்றார்.

"கிரகம் உம்ம பாடு. கல்லு எம்பாடு. ஆஸ்பத்திரிக்குப் போவாதேன்னு சொன்னீரே, அது யாரு பாடு?"

ஜோதிடரின் புன்னகை கொஞ்சம் சுருங்கியது. எங்களைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்தார். யாரை அழைக்கிறார் என்று எனக்குச் சுவரைப் பார்த்தே புரிந்துவிட்டது.

மறுநாள் காலை என் மேஜையில் ஒரு குறிப்பு. அரசுக் கருவியைச் சொந்த விஷயத்துக்குப் பயன்படுத்தினார், பொது இடத்தில் நிலையத்தின் பெயருக்குக் களங்கம் உண்டாக்கினார் என்று இரண்டு குற்றச்சாட்டு. மெமோ டைப் அடிக்க வேண்டும், லேசர் அறைச் சாவியை அவரிடமிருந்து வாங்கி என் டிராயரில் வைக்க வேண்டும். யார் விற்றது பொய், யாருக்கு மெமோ பாருங்கள். மூன்று தடவை அடித்து மூன்று தடவையும் அழித்தேன். நாலாவது தடவை அண்ணாச்சியே வந்து, "அடிம்மா. ஒஞ்சோலி அது. நிறுத்தக்குறி மட்டும் ஒழுங்காப் போடு, போன மெமோவுல ரெண்டு எடத்துல இல்ல" என்றார்.

சாவி என் டிராயருக்கு வந்தது. மூன்று வாரம் அந்தக் கருவியை வேறு இரண்டு பேர் இயக்கிப் பார்த்தார்கள். அது யாருக்கும் ஒரு கோடும் காட்டவில்லை. அண்ணாச்சியை ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். அங்கே காலாவதியான ஸ்குரூக்களைப் பற்றிப் பதினாறு புகார் எழுதினார்.

விசாரணை நாள் வந்தது. மூன்று பேர் கமிட்டி, நடுவில் டைரக்டர். குறிப்பெடுக்க நான். அண்ணாச்சி பதினொரு பக்கம் பதில் எழுதி வந்திருந்தார். இரண்டாம் பக்கத்திலேயே டைரக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்கள் அவமானப்படுத்திய மனிதரிடம்தான் நான் இருபது வருடமாகப் போகிறேன். இந்த மோதிரமும் அவர் கொடுத்தது. இதுவும் கண்ணாடி என்பீர்களா?"

"பாக்காம சொல்ல மாட்டேன் சார். கழட்டுங்க."

டைரக்டரும் அடிப்படையில் விஞ்ஞானிதான். பார் என்று சவால் விட்டால் வேண்டாம் என்று சொல்ல அவராலும் முடியாது. நான் டிராயரிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கமிட்டி முழுவதும் தரைத்தளத்துக்கு இறங்கியது. கதவருகில் அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். டைரக்டர் ஒரு கணம் தயங்கிவிட்டு ஷூவைக் கழற்றினார்.

மூன்று வாரமாக முரண்டு பிடித்த கருவி, அண்ணாச்சி எதையோ தட்டி எதையோ திருகியதும் சொன்ன பேச்சுக் கேட்டது. மோதிரத்தைத் துடைத்து வைத்தார். நீலக் கல்லின் நடுவில் ஒரு பச்சைப் புள்ளி. திரையில் கோடு மெல்ல எழும்பியது. நெட்டுக்குத்தாக, ஊசி மாதிரி. 418.

அண்ணாச்சி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அலுமினிய ஆக்ஸைடு. நல்ல படிகம்" என்றார். "மண்ணுல வெளஞ்சதா, தொழிற்சாலையில வளத்ததான்னு இந்தக் கோட்ட மட்டும் வச்சுச் சொல்ல முடியாது. ஆனா நீலக்கல்தான்."

டைரக்டரின் முகம் மலர்ந்தது. "அப்புறம்?" என்றார்.

அண்ணாச்சி அந்த வரைபடத்தை அச்சடித்தார். மிதாலிதியின் வரைபடத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இங்கே ஊசி, அங்கே எருமை முதுகு.

"அப்புறந்தான் சார் எனக்குக் கோவம் கூடுது" என்று தன் பாளையங்கோட்டை ஆங்கிலத்தில் சொன்னார், குரலை உயர்த்தாமல். "அவன்கிட்ட எல்லாமே கண்ணாடின்னா, அவனுக்குக் கல்லே தெரியலன்னு விட்டிருப்பேன். அவனுக்கு நல்லாத் தெரியுது. ஒங்களுக்கு எதக் குடுக்கணும்னு தெரியுது, பெருக்குத பொம்பளைக்கு எதக் குடுத்தாப் போதும்னும் தெரியுது. ஒரே கட, ஒரே கை. இந்த மெஷின் இல்லன்னா அவ கையில இருக்கதுக்கும் ஒங்க கையில இருக்கதுக்கும் வித்தியாசம் நமக்குத் தெரியாது. அவனுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கும்."

டைரக்டர் மோதிரத்தை எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விரலில் மாட்டாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஷூவைத் தேடினார்.

இந்த இடத்தில், மெமோ கிழிக்கப்பட்டது, அண்ணாச்சிக்கு மாலை போட்டார்கள் என்று நான் எழுதினால் உங்களுக்கு நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சாவி திரும்பக் கிடைத்தது. 'எதிர்காலத்தில் எச்சரிக்கையாக இருக்கவும்' என்று அவருடைய பணிப் பதிவேட்டில் ஒரு வரி ஏறியது. அந்த வரி இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அவருக்கோ அந்த வரியில் இருந்த ஓர் எழுத்துப்பிழைதான் பொறுக்கவில்லை.

டைரக்டர் ஒன்று மட்டும் செய்தார். அதையும் சொல்லிவிட வேண்டும். மறுநாள் தன் காரில் தானே காளிகாட் போனார். அங்கே என்ன பேசினார் என்று தெரியாது. மிதாலிதிக்கு வேறு மோதிரம் வந்தது. அண்ணாச்சி சோதித்தார். 418. சுவரிலிருந்து ஒரு படம் குறைந்துவிட்டது என்றும் மிதாலிதி சொன்னார்.

ஆறு மாதத்தில் அவர் கணவருக்கு உடம்பு தேறியது. மறுபடி வண்டி இழுக்கிற அளவுக்கு. மிதாலிதி ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்போடு வந்து, கையில் இருந்த நீல மோதிரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அசல் நீலா வந்ததும்தான் தாதா குணமாச்சு" என்றார்.

கட்டடமே கேட்கும்படி ஒரு சத்தம் எழும்பியது. "மாத்திர தின்னது அவன். ஊசி போட்டது டாக்டரு. பேரு கல்லுக்கா?"

மிதாலிதி சிரித்துக்கொண்டே நின்றார். எல்லாவற்றையும்விடக் கொடுமை, அவர் தெருவில் இருந்த ஏழெட்டுப் பெண்கள் அதே ஜோதிடரிடம் போய், எங்களுக்கும் மிதாலிக்குக் கொடுத்த மாதிரி அசல் கல் வேண்டும் என்று கேட்டார்களாம். அவர்கள் வாங்கிய கல்லையெல்லாம் ஒவ்வொன்றாக மிதாலிதி கொண்டுவந்தார். கத்திக்கொண்டே ஒவ்வொன்றையும் சோதித்தார் அண்ணாச்சி. சோதித்து முடித்ததும் ஒவ்வொருத்தியிடமும், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, டாக்டரிடம் காட்டியாயிற்றா என்று கேட்டுச் சொல்லும்படி மிதாலிதியை விரட்டுவார். 'எச்சரிக்கையாக இருக்கவும்' என்ற வரி ஏறின பிறகு நடந்தது இது.

அவர் ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டைக்கே போய்விட்டார். நாங்கள் சென்னைக்கு வந்துவிட்டோம். இந்தப் பத்தியை வாராவாரம் நான் எழுத ஆரம்பித்த நாளிலிருந்து, பத்திரிகை வருகிற அன்று காலையில் அவர் போன் வந்துவிடும். நலமா என்று கேட்கிற பழக்கமெல்லாம் கிடையாது. கண்ணாடியைப் பளிங்கு என்று எப்படி எழுதலாம் என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். மூன்று வாரமாக அந்தப் போன் வரவில்லை. ஒருவேளை நான் மூன்று வாரமாகத் தப்பில்லாமல் எழுதிவிட்டேனோ என்னவோ. நானாக அழைத்துக் கேட்டால், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன், வேற சோலி இல்லையா ஒனக்கு" என்று வைத்துவிடுவார். அதனால் ஒன்று செய்கிறேன்.

வைரமும் ஓர் ஆக்ஸைடுதான்.

தப்பு என்று எனக்குத் தெரியும், அண்ணாச்சி. போன் பண்ணித் திட்டுங்கள்.